இலைப்பேனிடம் முறை கேட்டவர்

என் அப்பா ராக்குத் செம்பிரிங் பாண்டியா போன மாதம் இறந்தார். மிளகாய் விவசாயி. காப்பிக்கடையில் சதுரங்கம் ஆடித் தோற்பவர். சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர். சவப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் அழுத நேரம் போக மீதி நேரமெல்லாம் பூச்சிக் கதையைத்தான் பேசினார்கள். ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். ஒருவர் கதையில் பூச்சி தவளை அளவுக்கு வளர்ந்துவிட்டது. அதை நுண்ணோக்கியில் பார்த்தவள் நான். நடந்ததை எழுதி வைக்கிறேன்.

எங்கள் கரோ மலைமேட்டில் இரண்டு பேர் புதிதாகச் சந்தித்தால் முதலில் பெயர் கேட்பதில்லை. குலம் கேட்போம். அடுத்து அம்மா பிறந்த குலம். அதை வைத்து நீ எனக்கு அண்ணனா, மச்சானா, பெண் கொடுத்த வீடா, பெண் எடுத்த வீடா என்று முறை பிடிப்போம். முறை தெரியாமல் ஒருவருக்கு டீ ஊற்றக்கூட வராது. எல்லோரும் செய்வதுதான். அப்பா கொஞ்சம் வெறியோடு செய்தார். பல் பிடுங்கப் போனவர், டாக்டரின் விரல்கள் வாய்க்குள் இருக்கும்போதே அவர் குலத்தைக் கேட்டார். கீழே மேடான் நகரத்துக்குப் போகும் பேருந்தில் முன்சீட்டில் ஆரம்பிப்பார். மலை இறங்குவதற்குள் கடைசி சீட்டுவரை சொந்தமாகியிருக்கும். ஒரு தடவை தன் பர்ஸை எடுத்த பிக்பாக்கெட்டைப் பிடித்து, உலுக்கி, முறை கேட்டு, மருமகன் என்று கண்டுபிடித்து, பர்ஸைத் திரும்ப வாங்கி, அவனுக்குச் சாப்பாடும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

"உங்கப்பாவுக்கு எதிரியே கிடையாதுடி," என்பாள் அம்மா. "எதிரி ஆகறதுக்குள்ள சொந்தமாக்கிடுவார்."

நான் சொல்லும் வருஷம், ஊர் முழுக்க மிளகாய் இலை தோணி மாதிரி மேல்நோக்கி வளைந்தது. பூ காய் பிடிக்காமல் உதிர்ந்தது. எரிமலைச் சாம்பல் என்றார்கள். மழை என்றார்கள். கடையில் கிடைத்த மருந்தையெல்லாம் ஒரே டேங்கில் கலந்து அடித்தார்கள். இலை இன்னும் வளைந்தது.

அப்பாவைச் சதுரங்கத்தில் தினமும் தோற்கடிக்கும் பாகித் தாரிகான்தான் காப்பிக்கடையில் அதைச் சொன்னார். "நாத்துலயே வந்திருக்கு. எல்லாரும் ஒரே இடத்துலதானே வாங்கினோம்?"

ஒரே இடம் என்றால், பக்கத்து ஊரில் என் தாய்மாமா தெர்க்கெலின் கிந்திங்கின் நாற்றங்கால்.

மாமாவின் மகள் ஙேனாவை என் தம்பி பூலுங்குக்குப் பேசி முடித்திருந்தது. அம்மா பிறந்த வீட்டிலிருந்தே மருமகள். அப்பா அதைச் சொல்லிச் சொல்லியே பூரித்துக்கொண்டிருந்தார். நாள் குறிப்பதுதான் பாக்கி. மாமா அதிகம் பேசாதவர், ரோஷக்காரர். காப்பிக்கடைப் பேச்சு காதுக்குப் போனதும் ஒரே ஒரு வரி சொல்லி அனுப்பினார்: "என் நாத்தை நோய்னு சொல்ற ஊருக்கு என் பொண்ணு வரமாட்டா."

ஊர்க்கூடத்தில் கூட்டம் போட முடிவானது. மாதக் கடைசி ஞாயிறு, தேவாலயம் முடிந்ததும். நோய் நாற்றில்தான் வந்தது என்று கூட்டம் சொன்னால் கல்யாணம் கிடையாது. பூலுங் சாப்பிடுவதை நிறுத்தினான். அம்மா பூலுங்கோடு பேசுவதை நிறுத்தினாள், அவன்தான் ஏதோ செய்துவிட்ட மாதிரி.

அப்பாவின் சிக்கல் இது: பெண் கொடுத்த வீடு எங்களுக்குத் தெய்வம். அவர்கள் விசேஷத்தில் பாத்திரம் கழுவுவது நாங்கள். அந்தத் தெய்வத்தின் நாற்றில் குறை என்று பெண் எடுத்தவன் வாயால் சொல்லக்கூடாது. குறை இல்லை என்று ஊரிடம் சொல்லவும் முடியாது. யாரும் பார்க்கவில்லையே.

"அப்ப பாத்துடுவோம்," என்றார். "எவனா இருந்தாலும் குலம் இல்லாமலா இருப்பான்?"

அம்மாவின் வெள்ளைப் பீங்கான் தட்டை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். கடிகாரக் கடைக்காரரிடமிருந்து (முறைக்குத் தம்பி) கண்ணில் சொருகும் லென்ஸை வாங்கிக்கொண்டார். மிளகாய்ப் பூவைத் தட்டின் மேல் தட்டினார். எழுத்தில் வரும் காற்புள்ளி மாதிரி சின்னச் சின்னதாக விழுந்தன. விழுந்து நடந்தன. இலைப்பேன். சில கறுப்பாக, கொஞ்சம் பெரிதாக. சில மஞ்சளாக, இன்னும் பொடியாக.

வயலில் குப்புறப் படுத்துக்கொண்டு எனக்குப் போன் செய்தார்.

"மாலெம், ரெண்டு சாதி இருக்கு. கறுப்பி, மஞ்சளான். மஞ்சளான் கறுப்பி முதுகுல ஏறிக்கிட்டுத் திரியறான். புருஷன் பொண்டாட்டி."

"அப்ப ஒரே இனமா இருக்கும்பா."

"என்ன பேசற? புருஷன் பொண்டாட்டின்னுதானே சொல்றேன். அப்ப வேற வேற குலமாத்தானே இருக்கணும்? ஒரே குலத்துல எவனாவது கட்டுவானா?"

"பூச்சிப்பா."

"பூச்சின்னா மானம் இல்லையா?"

அடுத்து நாற்றங்கால். மாமா சந்தைக்குப் போயிருந்தார். அத்தை மட்டும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மச்சானின் மனைவியிடம் நேராகப் பேசுவது எங்களுக்கு ஆகாது. நடுவில் ஒரு ஆள் வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் ஒரு பொருள். இந்தப் பகுதியை அத்தைதான் எனக்கு நடித்துக் காட்டினார்.

"நாத்துத் தட்டே," என்றாராம் அப்பா, "அந்த அம்மாகிட்ட சொல்லு, செடியைக் கொஞ்சம் தட்டிப் பாக்கலாமான்னு ராக்குத் கேக்கறான்."

அத்தை கையிலிருந்த பூவாளியைப் பார்த்துத் திரும்பினார். "பூவாளியே, அவர்கிட்ட சொல்லு. தாராளமா தட்டலாம். ஏதாவது விழுந்துச்சுன்னா எங்க வீட்டுக்காரர் வந்து அவரையே குழிதோண்டி நட்டுடுவார்."

"தட்டே, சொல்லு, நட்டா நான் நல்லா வளருவேன்னு."

"பூவாளியே, சொல்லு, உச்சந்தலையில ஏற்கெனவே எதுவும் முளைக்கலைன்னு."

செடிகளிலிருந்து விழுந்தவை எல்லாம் மஞ்சள். ஒரு கறுப்பு கூட இல்லை. அப்பா சிரித்தார். அத்தையைப் பார்த்துச் சிரிக்க முடியாததால் பூவாளியைப் பார்த்துச் சிரித்தார். நேராகக் காப்பிக்கடைக்குப் போய், பாகித்தோடு ஆடிய ஆட்டத்தின் பாதியில் நாற்காலி மேல் ஏறிவிட்டார்.

"மச்சான் வீட்டுல இருக்கறது மஞ்சள் குலம்! சாதுவான ஆளுங்க! நம்ம வயலை அழிக்கறது கறுப்புக் குலம்! அது வேற, இது வேற! என் மக மேடான்ல பேர் எழுதித் தருவா!"

"கீழ இறங்கு," என்றார் பாகித். "உன் ராணி போயிடுச்சு."

மேடானில் ஒரு தாவர நோய் ஆய்வுக்கூடத்தில் அப்போது நான் வேலை பார்த்தேன். அப்பா இரண்டு பாட்டிலோடு வந்து இறங்கினார். ஒன்று வயல், ஒன்று நாற்றங்கால். வளைவுகளில் குலுங்காமல் வழிநெடுக இரண்டையும் மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்தாராம். என் மேஜைக்கென்று கொல்லையில் பூத்த செவ்வந்தியும் ஒரு கட்டு. அதை ஒரு ஜாடியில் செருகி நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"பேர் சொல்லு," என்றார், ஸ்டூலை இழுத்துப் போட்டு.

இலைப்பேனை அப்படியே பார்த்துப் பெயர் சொல்ல முடியாது. காரக் கரைசலில் ஊறவைத்து உள்ளே இருப்பதைக் கரைக்க வேண்டும். ஆல்கஹாலில் படிப்படியாக நீரை எடுக்க வேண்டும். பிறகு கிராம்புத் தைலம். இறகையும் உணர்கொம்பையும் ஊசியால் விரித்து, பிசினில் பதித்து, மேலே கண்ணாடி மூட வேண்டும். தைலப் புட்டியைத் திறந்ததும் அப்பா மூக்கை நீட்டினார்.

"நம்ம கிராம்பு சிகரெட் வாசனை! குடுத்து வெச்ச சாவு."

இனங்காணுவது கேள்வி வரிசை. உணர்கொம்பில் கணு எத்தனை? அதற்குப் பதில் தெரிந்தால் அடுத்த கேள்வி. முன்னிறகு நரம்பில் முடி வரிசை முழுசா, இடைவெளி விட்டா? பதில் தெரிந்தால் அடுத்தது. அப்பா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தொடையில் அடித்துக்கொண்டார்.

"அட, இது நாம கேக்கறதுதானே! உன் குலம் என்ன, உங்கம்மா குலம் என்ன!"

"அதேதான்பா."

"இதுக்கா உன்னை அவ்ளோ வருஷம் படிக்க வெச்சேன்? காப்பிக்கடையில விட்டிருக்கலாமே!"

அதற்கப்புறம் அவரை நுண்ணோக்கியிலிருந்து பிரிக்க முடியவில்லை. நான் கேள்வி கேட்டேன். அவர் பார்த்துச் சொன்னார். அவர் சொன்னதை நான் மறுபடி பார்த்துச் சரிபார்த்தேன்.

"வயித்துல எட்டாவது வளையம். பின் ஓரத்துல சீப்பு மாதிரி பல் வரிசை இருக்கா?"

"சீப்பா? இல்ல. தலைவாராத பொம்பள."

சீப்பு இல்லை. கணு ஏழு. அப்பாவின் கறுப்பி நுண்ணோக்கியில் பழுப்பு, தலையும் மார்பும் வெளிறல். மற்றக் கேள்விகளும் ஒரே பக்கமே போயின. பெயர் கிடைத்தது: த்ரிப்ஸ் பார்விஸ்பைனஸ். மிளகாய், பப்பாளி, பூச்செடி எல்லாம் தின்னும். எங்கள் பக்கத்து மண்ணுக்கே உரியது. அடுத்து வயல் பாட்டிலிலிருந்து மஞ்சள். முட்டை குத்தி வைக்கும் ரம்பம் இல்லை. வயிற்றின் அடியில் ஆணுக்குரிய சுரப்பித் தடங்கள்.

"அப்பா, ரெண்டும் ஒரே இனம். கறுப்பு பொண்டாட்டி. மஞ்சள் புருஷன்."

"புருஷன் பொண்டாட்டின்னு நான்தானே முதல்ல சொன்னேன்!"

"ஒரே குலம்பா."

கண்ணை லென்ஸிலிருந்து வெடுக்கென்று எடுத்தார். "கட்டிக்கிட்டாங்களா?"

"ஆமா."

"சீ! விளக்கை அணை! மூடு அதை!"

"நம்ம செம்பிரிங் குலத்து ஆளுங்க செம்பிரிங்கையே கட்டறதில்லையா?"

"அது உள்பிரிவு வேற! பாண்டியா பிரிவு தெப்பாரி பிரிவைக் கட்டலாம். இதுங்களுக்கு உள்பிரிவு உண்டா, கேளு!"

"இல்லப்பா."

"அப்ப சீதான்!"

ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு நாற்றங்கால் பாட்டில் கண்ணில் பட்டது.

அதில் இருந்த மஞ்சள் பூச்சிகள் ஆண்கள்கூட இல்லை. இறகே முளைக்காத குஞ்சுகள். நாற்றில் பூ கிடையாது. பெரியவை பூ தேடிப் போயிருக்கும், முட்டையிலிருந்து வந்தவை இலையில் தங்கியிருக்கும். குஞ்சை வைத்து இனம் சொல்வது கஷ்டம். வளர்ந்தால்தான் முகம் தெரியும். ஒரு டப்பாவில் பீன்ஸ் காய் போட்டு அதில் விட்டேன்.

"வளரட்டும்," என்று என் அறையிலேயே தங்கிவிட்டார். அவை வளர்வதற்குள் சந்து முழுக்கச் சொந்தமாகியிருந்தது. அறையை வாடகைக்கு விட்டவர் எனக்குச் சித்தப்பா ஆனார். ஆய்வுக்கூடத்துக் காவலாளி அப்பாவுக்கு மருமகன் ஆகி, தினமும் அவருக்குக் கேட்டைத் திறந்து சல்யூட் அடித்தார். பூலுங் போன் செய்து என்னப்பா ஆச்சு என்று கேட்கும்போதெல்லாம், "குழந்தைங்க வளருதுடா," என்றார்.

ஒரு காலை டப்பாவைத் திறந்தவர் என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போய்ப் பார்த்தேன். பீன்ஸ் காய் மேல் ஒன்று பழுப்பாக நடந்துகொண்டிருந்தது.

"கறுத்துடுச்சு," என்றார்.

"ஆமாம்பா."

"மச்சான் வீட்டுலயும் இவங்கதான்."

"ஆமாம்பா."

"கூட்டத்துல உன்னைக் கேட்டா?"

"பாத்ததைத்தான் சொல்லணும்."

"ஆமா. நாமளா பொய் சொல்லப் போறோம்." ஸ்டூலில் உட்கார்ந்தார். சிகரெட்டை எடுத்து, ஆய்வுக்கூடம் என்பது நினைவு வந்து, காதில் செருகிக்கொண்டார். "பூலுங்குக்கு நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவர் அப்படி அமைதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பார்க்கப் பிடிக்காமல் மேஜையைத் துடைத்தேன். சீட்டு எழுதும் வெள்ளைத் தாளில் ஒரு காற்புள்ளி கிடந்தது. துடைக்கப் போனேன். அது நடந்தது.

நான் வைத்தது இல்லை. பாட்டில்கள் மூடியிருந்தன. டப்பாவும். அது எந்தப் பக்கமிருந்து வந்தது என்று பார்த்தேன். செவ்வந்தி ஜாடி. ஒரு பூவை எடுத்துத் தாளின் மேல் தட்டினேன். மழை மாதிரி விழுந்தன. கறுப்பி, மஞ்சளான், குஞ்சு, குடும்பம் குடும்பமாக.

"அப்பா, இந்தப் பூ எங்கேர்ந்து?"

"நம்ம கொல்லை. கல்யாணத்துக்குன்னு வளக்கறேன். பேராஸ்தாகி சந்தையில வாங்கின பதியன். அதுக்கென்ன இப்ப?"

"வேற யாருக்காவது குடுத்தீங்களா?"

"யாருக்குக் குடுப்பேன்? மச்சானுக்கு மட்டும்தான். பொண்ணு கேக்கப் போனப்ப தொட்டி தொட்டியா கொண்டுபோனேன். நாத்தங்கால் வாசல்லயே ரெண்டு பக்கமும் வரிசையா..."

நிறுத்தினார். தாளைப் பார்த்தார். முதலில் உதடு துடித்தது. பிறகு தோள். பிறகு வயிறு.

"நான்தான்!" என்று கத்தினார். "மாலெம், நான்தான்! குத்தவாளி நான்தான்!"

வெளியே வராந்தாவுக்கு ஓடினார். அங்கே ஆடினார். எங்கள் ஆட்டம் நிதானமானது. முழங்காலை மெல்ல மடக்கி எழுந்து, கைகளை உயர்த்தி, மணிக்கட்டைத் திருப்புவது. அதை அவர் தீப்பிடித்தவர் மாதிரி ஆடினார். காவலாளி மருமகன் ஓடி வந்தார். என்ன என்று தெரியாமலே அவரும் முழங்காலை மடக்கினார்.

"அப்பா, இதுக்கு நிரூபணம் இல்ல. பூவுலேர்ந்து மிளகாய்க்கு வந்துச்சா, மிளகாய்லேர்ந்து பூவுக்குப் போச்சான்னு என்னால சொல்ல முடியாது."

"என் பூவுல இருக்கா?"

"இருக்கு."

"நான் கொண்டுபோய் வெச்சேனா?"

"வெச்சீங்க."

"அப்ப வாயை மூடு. விஞ்ஞானம் போதும்."

பெண் கொடுத்த வீட்டுக்காகப் பழி சுமப்பது எங்களுக்கு அவமானம் இல்லை. பாத்திரம் கழுவுவது போல அதுவும் எங்கள் வேலை. அப்பாவுக்கு இத்தனை நாளாகச் செய்ய எதுவும் கிடைக்காமல் இருந்தது. இப்போது கிடைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூடத்தில் மாமா புதுப்பாயில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெண் எடுத்த வீடு என்பதால் டீ ஊற்ற வேண்டியது அப்பா. கெட்டிலோடு சுற்றி வந்தார்.

"என்ன ராக்குத்," என்றார் பாகித், கோப்பையை நீட்டி. "உன் மஞ்சள் குலம் எப்படி இருக்கு?"

"பெரியவங்களாகிக் கறுத்துட்டாங்க."

மாமா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"உக்காருங்க மச்சான், டீ ஆறிடும்," என்றார் அப்பா. "உங்க நாத்துல பேன் இருந்துச்சு. அந்தப் பேன் எங்கேர்ந்து வந்துச்சு? பொண்ணு கேட்டு வந்தப்ப நான் தூக்கிட்டு வந்த பூந்தொட்டியில இருந்துச்சு. உங்க வாசல்ல கொண்டுவந்து வெச்சவன் நான். இந்த ஊர் மிளகாயைத் தின்னது என் பூ. என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க, நான்..."

முடிக்க முடியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. கெட்டில் மூடி தடதடவென்று ஆடியது.

"இவ்வளவு சந்தோஷமா குத்தத்தை ஒத்துக்கறவனை நான் பாத்ததில்ல," என்றார் பாகித். "எதையோ மறைக்கறான். மாலெம், நீ சொல்லும்மா."

வயலிலும் நாற்றங்காலிலும் ஒரே இனம் என்றேன். பூவிலும் இருக்கிறது என்றேன். எது முதல் என்று தெரியாது என்றும் சொன்னேன். அப்பா என்னை, டீயைக் கொட்டியவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

எல்லோரும் மாமா பக்கம் திரும்பினார்கள். மாமா நின்றுகொண்டே இருந்தார். அவருக்குப் பேச்சு வர நேரமாகும்.

"தொட்டியை வீட்டுப் பின்பக்கம் வெக்கலாம்னுதான் மச்சான் சொன்னார்," என்றார் கடைசியில். "ஊர் பாக்கட்டும்னு வாசல்ல வெக்கச் சொன்னது நான். குத்தம் என்னுது."

"ஐயோ, இல்ல மச்சான், என்னுது!"

"என் வாசல்."

"என் பூ! நான் இருக்கறப்ப நீங்க சுமக்கறதா? அடுக்குமா?"

"பூ உங்களுது. பெருமை என்னுது."

"மாமாவும் அப்பாவும் கட்டிப் புரண்டுடுவாங்க போல இருக்கு," என்று பூலுங் என் காதில் சொன்னான். பல நாளுக்கப்புறம் அவன் சிரித்தது அப்போதுதான்.

"ஆளுக்குப் பாதி எடுத்துக்கங்கய்யா!" என்று பாகித் கத்தினார். "என் மிளகாய்க்கு வழி சொல்லுங்க!"

வழி இப்படி முடிவானது. மாமா வலைக்குள் வளர்த்த புது நாற்று எல்லோருக்கும் தருவார். அப்பா ஒவ்வொரு வயலிலும் இறங்கி நட்டுக்கொடுப்பார். கண்டதைக் கலந்து அடிப்பது நிற்கும். வீட்டுக்கொரு வெள்ளைத் தட்டு, வாரத்துக்கொரு தடவை பூவைத் தட்டிப் பார்க்க வேண்டும். செவ்வந்தி ஒன்று விடாமல் பிடுங்கி எரிக்கப்படும். அப்பா அன்றைக்கே எரித்தார். மாமா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாள் குறிங்க," என்றார்.

கல்யாணத்துக்குப் பூ இல்லை. ஙேனா கையில் காலிஃப்ளவர் செண்டு. எங்கள் மேட்டில் அதற்கா பஞ்சம்? சபைக்குள் போகும் முன்னால் அப்பா அதை என்னிடம் நீட்டினார். தட்டிப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை. "போலாம்!" என்று கூவினார். ராத்திரி சாப்பாட்டில் அந்தச் செண்டைத்தான் பொரித்தோம் என்று பாகித் சத்தியம் செய்கிறார்.

மருமகள் ஆனதும் ஙேனாவிடம் அப்பா நேராகப் பேசக்கூடாது, அவளும்தான். ஒரே வீட்டில் பூனையிடம் சொன்னார்கள், கெட்டிலிடம் சொன்னார்கள். "குதிரையே," என்று சதுரங்கக் காயைத் தூக்கிப் பிடித்து, "குழம்புல உப்பு பத்தலைன்னு சொல்லு," என்பார். "பூனையே, சாப்பிட்டு முடிச்சுட்டுச் சொல்றார் பாரு," என்பாள் அவள். இத்தனை வருஷமும் அப்படியே. அந்த வீட்டில் அதிகம் பேசிக்கொண்டவர்கள் அவர்கள் இருவரும்தான்.

போன மாதம் காப்பிக்கடையில் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தபடி போய்விட்டார். தோற்றுக்கொண்டிருந்தார் என்று பாகித் சொல்கிறார். சொல்லிவிட்டு அழுகிறார். நம்புகிறேன்.

மலர்வளையங்கள் வந்திருந்தன. செவ்வந்தி. நான் ஒரு பூவைப் பிய்த்து, மடியில் கைக்குட்டையை விரித்து, தட்டினேன். கை தானாகச் செய்தது. விழுந்தன. பழுப்பு, மஞ்சள், இரண்டும் நடந்தன.

ஙேனா என் தோள் வழியாக எட்டிப் பார்த்தாள். என் கையிலிருந்த பூவை வாங்கிக்கொண்டு பெட்டியருகே நகர்ந்தாள். இனிமேல் அப்பாவிடம் நேராகவே பேசலாம், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள் என்று சொல்ல நினைத்தேன். அவள் பூவை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"பூவே," என்றாள், "மாமாகிட்ட சொல்லு. ஆளுங்க வந்திருக்காங்க, புருஷனும் பொண்டாட்டியுமா. எந்திரிச்சு டீ ஊத்தச் சொல்லு."